கிருபை டீச்சருக்கு மூன்று ஓலை

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் நல்ல பனி. கொடியில் காயப்போட்ட வேட்டியைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. வேட்டி கொடியிலேயே இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும். வயது நாற்பத்தேழு.

எங்கள் சபைப் பாதிரி ஐயர் கிராம ஊழியத்துக்குக் கிளம்பினார். மாட்டுவண்டி, கூடாரம், மருந்துப்பெட்டி, இரண்டு ஊறுகாய் ஜாடி. பாலசமுத்திரம் பக்கத்துச் சபைகளையெல்லாம் பார்த்துவிட்டு 24ந் தேதி காலையில்தான் திரும்புவார். அதுவரை சித்தூர்ச் சபையின் ஞாயிறு ஆராதனை என் தலையில். மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் என்றால் சும்மாவா? சம்பளம் தவிர மற்ற எல்லாம் வரும்.

கோயில் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினவர் மறுபடி இறங்கினார்.

"தேவசகாயம், பிரசங்கம் சுருக்கமா இருக்கட்டும். ஜனங்களைச் சிரிக்க வைக்காதேயும்."

"அழ வைக்கலாமா ஐயா?"

"ஒண்ணும் வைக்க வேணாம். இந்தாரும், ஒரு கல்யாண ஓலை. மூணு ஞாயிறு சபை முன்னால வாசிக்கணும். 9, 16, 23. கல்யாணம் 24. அந்தப் புதன்கிழமை சாம்பல் புதன். அதுக்கப்புறம் ஈஸ்டர் வரைக்கும் நம்ம சபையில கல்யாணம் கிடையாது, தெரியுமே. ஒரு ஞாயிறு தவறினாலும் போச்சு. உம்மை நம்பித்தான் போறேன்."

வண்டி போன பிறகு காகிதத்தைப் பிரித்தேன். மாப்பிள்ளை: ஆசீர்வாதம், ரேணிகுண்டா, ரயில்வே கார்டு, மனைவியை இழந்தவர். மணமகள்: கிருபை. எங்கள் பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பு டீச்சர்.

நடுத்தெருவில் நின்றுகொண்டு மூன்று முறை படித்தேன். மூன்று ஓலையும் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இரவுச் சாப்பாடு: நேற்றுக் குழம்பு. சுண்டவில்லை.


பிப்ரவரி 7, வெள்ளி

கிருபை டீச்சரை இனி இதில் கி.டீ. என்று எழுதுவது. யாராவது எடுத்துப் படித்தால் தெரியக்கூடாது. சித்தூரில் எத்தனை கி.டீ. இருக்கிறார்கள்? ஒருவர்தான். சரி, இருக்கட்டும்.

நடந்தவை: என் மனைவி போய்ப் பதினோரு வருஷம். கி.டீ. எங்கள் பள்ளிக்கு வந்து மூன்று வருஷம். அவருடைய குடையும் என் குடையும் ஆபீஸ் அறையில் ஒரே ஆணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் நான் சொன்னது: "டீச்சர், நம்ம குடைங்க ரெண்டும் ஜோடியாத் தொங்கிக்கினு இருக்கே, சபையார் பார்த்தா இன்னா சொல்லுவாங்க? பேசாம ஓலை படிச்சிடலாமா?" அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வாத்தியார்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. என் வாழ்க்கையிலேயே நான் வேடிக்கை இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதையும் வேடிக்கையாகச் சொன்னேன்.

சாயங்காலம் கி.டீ.யின் அண்ணன் சாலமோன் வந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா; சட்டைப் பொத்தானைக்கூட மேலதிகாரி உத்தரவு கேட்டுத்தான் போடுவார்.

"சார், ஓலை விஷயம் ஜாக்கிரதை. மாப்பிள்ளைக்கு மார்ச் ஒண்ணாந்தேதி குண்டக்கல்லுக்கு மாத்தல். ரெண்டு சின்னப் பசங்க. பாத்துக்க ஆள் இல்லாம மனுஷன் திண்டாடிக்கினு இருக்காரு. இப்ப தவறிச்சுன்னா ஈஸ்டர் வரைக்கும் நிக்க மாட்டாரு. அவங்க சொந்தத்துல வேற பொண்ணு இருக்குது."

"தவறாது."

"எம் பொஞ்சாதிக்கும் தங்கச்சிக்கும் ஒரே அடுப்புல ஆகல சார். முப்பத்தாறு வயசாகுது. இதை விட்டா இல்ல."

"தவறாது என்றேனே."

மேடையில் ராஜாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் காதல், ஒரு பக்கம் கடமை, நடுவில் நின்றுகொண்டு மார்பில் அடித்துக்கொண்டு பாடுவார்கள். அவர்களுக்குத் தலையில் கிரீடம், பின்னால் ஆர்மோனியம். எனக்குக் கையில் கோயில் சாவி, மார்பில் சளி.


பிப்ரவரி 9, ஞாயிறு. ஓலை ஒன்று

எங்கள் சபையில் ஒரு வழக்கம்: ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் அந்தப் பெண் கோயிலுக்கு வரக்கூடாது. தன் ஓலையைத் தானே கேட்டால் கல்யாணம் நிலைக்காதாம். வேதத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் எங்கள் பெண்கள் பக்கத்துப் பாயில் எழுதாத சட்டங்கள் நிறைய உண்டு.

ஆகவே கி.டீ. வரவில்லை. பாயில் அவர் உட்காருகிற இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

வாசித்தேன். யாருக்காவது இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தால் எழுந்து சொல்லலாம் என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. கேட்டேன். வழக்கமாக எல்லோரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இன்று ஒருவரும் திரும்பவில்லை. மொத்தச் சபையும் என்னைப் பார்த்தது.

வெளியே வந்ததும் மரியம்மா பிடித்துக்கொண்டாள். கோயில் மணி அடிக்கிற ஏசடியானின் மனைவி. ஐயர் சொல்லை மீறினாலும் சபையில் அவள் சொல்லை மீறுவது கஷ்டம்.

"இன்னா சார், அப்பிடியே மடமடன்னு படிச்சிட்டீங்க?"

"படிக்கத்தானே ஐயர் கொடுத்துட்டுப் போனார்?"

"கொரல் கட்டிக்கிச்சின்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க? நான் மொளகுக் கசாயம் வச்சி எடுத்துக்கினு வந்திருப்பேன்."

ஏசடியான் குறுக்கே வந்தான். "ஏய், கசாயம் குடிச்சா கொரல் சரியாயிடும்டி!"

"நீ கம்முனு கெட. சார், ஊருக்கே தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது."

"எனக்கு என்ன தெரியாது?"

"ஊருக்குத் தெரியும்ன்றது."

இந்த ஊர் வதந்திகளில் பாதி நான் உற்பத்தி செய்தது. என்னைப் பற்றிய வதந்தியை மட்டும் எனக்குத் தெரியாமல் வேறு யாரோ தயாரித்து விற்றிருக்கிறார்கள். தொழிலுக்கே அவமானம்.


பிப்ரவரி 10, திங்கள்

பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் ஓடு ஒழுகுகிறது (மழை இல்லை, குரங்கு). கலெக்டர் ஆபீசுக்கு எழுத வேண்டும் என்று போன வருஷமும் எழுதியிருக்கிறேன், இதில்.

ஆபீஸ் அறையில் கி.டீ. குடையை மாட்டினார்.

"ஓலை நல்லாப் படிச்சீங்களாமே."

"யார் சொன்னா?"

"அண்ணி. எம் பேரு வந்த எடத்துல மட்டும் மெதுவாப் படிச்சீங்களாம்."

"எழுத்து சரியாத் தெரியலை டீச்சர். கண்ணாடி மாத்தணும்."

"மாத்துங்க சார்," என்றார். "எல்லாம் லேட்டாத்தான் தெரியுது உங்களுக்கு."

சிரித்தாரா இல்லையா என்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது.


பிப்ரவரி 12, புதன்

வயிறு சரியில்லை. மோர்.

மாங்காய் மரமெல்லாம் பூத்துக் கிடக்கிறது. கோயிலுக்குப் பின்னாலிருக்கிற தோப்பில் தேனீ. ஏசடியானைக் கொட்டிவிட்டது. மூக்கில். இரண்டு நாளாக அவன் மணி அடிப்பதைப் பார்க்கவே கூட்டம்.

யோசித்தேன். ஓலை வாசிப்பதின் நோக்கம் என்ன? தடை இருந்தால் கண்டுபிடிப்பது. அப்படியானால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது வாசிக்கிறவனுடைய கடமை. ரேணிகுண்டா சபை ஐயருக்கும் ஓலையின் நகல் ஒன்று போக வேண்டும். தபாலில் போடலாம். ஆனால் தபால் நம்பிக்கையில்லாதது. நானே போகிறேன்.

இந்த மனசு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும்போது எனக்கே பயமாக இருக்கிறது.


பிப்ரவரி 15, சனி

காலை ரயில். பாகாலாவில் ரயிலை விட்டு இறங்கி வடை. கோவிந்தா கோஷத்தோடு ஒரு பெட்டி யாத்ரீகர்கள் ஏறினார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர்.

"ஏமண்டி, கொண்டகா?" மலைக்கா என்று கேட்கிறார்.

"லேதண்டி. எனக்கு மொட்டை அடுத்த ஸ்டேஷன்ல," என்றேன். சிரித்து ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். திருப்பதியில் பெட்டியே காலி. நான் மட்டும், கொய்யாப்பழத்தோடு.

ரேணிகுண்டா. கரிப்புகை. ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்று போல ஒன்று. நகலை அந்த ஐயரிடம் கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டைத் தேடினேன். எதிர்பார்த்தது: குடி, கடன், சீட்டாட்டம், எங்காவது இன்னொரு மனைவி. இரண்டாவது மனைவி மட்டும் இருந்துவிட்டால் போதும் என்று வழியெல்லாம் ஜெபம். (கர்த்தாவே, மன்னியும்.)

ஆசீர்வாதம் அடுப்படியில் இருந்தார். கைலி, வேர்வை, கையில் கரண்டி.

"சித்தூர் ஹெட்மாஸ்டர் சாரா! வாங்க வாங்க! ஒங்களைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டுக்கினு இருக்கேன். ஒக்காருங்க. துன்னுட்டுத்தான் போவணும்."

கண்ட குறைகள்:

1. ஆட்டுக்கறிக் குழம்பில் ஒரு கல் உப்பு அதிகம்.
2. பக்கத்து வீட்டம்மா சொன்னது: குறட்டை. "சரக்கு வண்டி போவுறாப்புல இருக்கும் சார். ஆனா தங்கமான மனுசன்."
3. மகள் லில்லிக்குப் பச்சைக் கவுன். ரயில்வே பச்சைக்கொடித் துணி! பிடித்தேன் என்று நினைத்தேன். "கிழிஞ்ச கொடி சார். ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினது. எழுதிக் கேட்டுத்தான் எடுத்தேன்," என்றார்.

அவ்வளவுதான். குடி இல்லை. கடன் இல்லை. நான் சொன்ன வேடிக்கைக்கெல்லாம் சிரித்தார். அதுவும் சரியான இடத்தில். எனக்கு இந்த மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்க நாற்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது. கிடைத்த விதத்தைப் பார்.

லில்லிக்கு ஆறு வயசு. தம்பிக்கு மூணு. தம்பி என் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

"நைனா, புது அம்மாவுக்கு இன்னா புடிக்கும்னு இந்த மாமாவைக் கேளு," என்றது லில்லி.

அவருக்கு வெட்கம். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க கூட வேலை செய்யறவரு. சொல்லுங்க சார். அவங்க வந்து இங்க அந்நியமா நிக்கக் கூடாது பாருங்க."

சொன்னேன். கடலை உருண்டை பிடிக்கும், பாகு முறுகலாக இருக்க வேண்டும். பல்லி என்றால் பயம். கதவை அறைந்து சாத்தினால் பிடிக்காது. காலையில் பேச மாட்டார், ஒரு டம்ளர் காப்பிக்குப் பிறகுதான் ஆள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார், பல் கோணல் என்று நினைப்பு, கோணல் இல்லை. அண்ணி திட்டிய நாளில் இரண்டாம் வகுப்புக்கு நிறையப் பாட்டு.

மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்தது. ஒரு சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கொடுத்து முடித்த பிறகு என்னிடம் கொய்யாப்பழம்தான் மிச்சம். அதையும் லில்லி கேட்டது.

லில்லி விரல் விட்டுப் பாடமாகச் சொல்லிப் பார்த்தது: "கடலை உருண்டை. பல்லி. கதவு. காப்பி."

ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். "சார், நீங்க எதுக்கு இம்மாந் தூரம் வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

டிக்கெட்டைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் துழாவினேன்.

"கூட வேலை செய்யற பொண்ணு நல்ல எடத்துல போய்ச் சேரணும்னு பாக்க வந்தீங்க. யாரு சார் இப்பிடிச் செய்வாங்க?"

யாரும் செய்ய மாட்டார்கள். உண்மைதான்.


பிப்ரவரி 16, ஞாயிறு. ஓலை இரண்டு

வாசித்தேன். தடையா என்று கேட்டேன். மரியம்மா இருமினாள். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை. நிஜமான இருமல்.

பிரசங்கம் சுருக்கம். யாரும் சிரிக்கவில்லை. ஐயர் சந்தோஷப்படுவார்.


பிப்ரவரி 19, புதன்

பள்ளியில் பிரிவுபசாரம் பற்றிப் பேச்சு. தலைக்கு நாலணா. சோடா, மிக்சர். நான் வாழ்த்துப் பேச வேண்டுமாம். "நீங்க பேசினாத்தான் சார் கலகலன்னு இருக்கும்."

கி.டீ. இன்று ஒரு கேள்வி கேட்டார். "ரேணிகுண்டா போனீங்களாமே?"

"ஓலை கொடுக்க."

"எப்பிடி இருக்காரு?"

ஒரு வார்த்தை போதும். 'குறட்டை' என்றாவது சொல்லியிருக்கலாம். "ரொம்ப நல்லவர் டீச்சர்," என்றேன். "என்னைவிட உயரம்."

"உங்களைவிட உயரமா இருக்கறது ஒரு பெரிய விஷயமா சார்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டாம் வகுப்பில் நிறையப் பாட்டு. அண்ணி ஊரில் இல்லையே என்று யோசித்தேன்.


பிப்ரவரி 22, சனி

முகச்சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டேன். நாவிதர் ஊரில் இல்லை.

தெருவில் நடந்தால் சபைக்காரர்கள் எதிரே வருவதில்லை, சந்தில் திரும்பிவிடுகிறார்கள். ஒருவேளை பிரசங்கம் அவ்வளவு மோசமா?

மரியம்மா மட்டும் வந்தாள். கோயிலைப் பெருக்கிவிட்டு மிகவும் பக்தியாக ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், ஆளே இல்லாத கோயில்ல ஓலை படிச்சா அது செல்லுமா?"

"செல்லாது. சபை முன்னால வாசிக்கணும். சபை இல்லைன்னா அது வெறுஞ் சத்தம்."

"நெசமாவா? சட்டமா?"

"சட்டம்தான்."

"நல்லாச் சொன்னீங்க சார். உங்க மாதிரி வெவரமாச் சொல்ல யாரு இருக்காங்க."

படிக்காத பெண்ணுக்குச் சபை ஒழுங்கில் இவ்வளவு அக்கறை இருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். நாளைய பிரசங்கத்தில் குறிப்பிட வேண்டும்.


பிப்ரவரி 23, ஞாயிறு. ஓலை மூன்று

முழுவதும் எழுத வேண்டும். நாளைக்கு மறந்துவிடுவேன் என்பதற்காக அல்ல.

எட்டு மணிக்குக் கோயில். ஏசடியானைக் காணோம். நானே மணிக் கயிற்றைப் பிடித்து அடித்தேன். முதல் மணி. இரண்டாம் மணி. ஒருவரும் இல்லை. பாய் விரித்தபடி கிடக்கிறது. ஒரு காக்கா உள்ளே வந்து, பார்த்து, போய்விட்டது. மூன்றாம் மணி அடித்து, உள்ளங்கை சிவந்து, படியில் உட்கார்ந்தபோதுதான் நேற்றைய மரியம்மாவின் சந்தேகம் எனக்கு விளங்கியது. சபை இல்லை என்றால் ஓலை இல்லை. ஓலை இல்லை என்றால் கல்யாணம் இல்லை. என் சபை எனக்குக் கொடுக்கிற கல்யாணப் பரிசு: ஒட்டுமொத்தமாக வராமல் போவது!

சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்று. பேசாமல் கோயிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் வந்தேன், மணி அடித்தேன், யாரும் வரவில்லை. ஐயரிடம் நிமிர்ந்து சொல்லலாம். பொய்கூட இல்லை.

அப்போது தெரு முனையில் ஒரு குடை.

கி.டீ. வெள்ளைப் புடவை. ஓலை வாசிக்கிற ஞாயிறு வரவே கூடாதவர். நேராக உள்ளே போய்த் தன் இடத்தில் பாயில் உட்கார்ந்தார். நானும் போய் என் இடத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது? பெரிய கோயில், இரண்டு பேர்.

"யாரும் வர மாட்டாங்க சார். அண்ணனும் அண்ணியும் கல்யாணச் சாமான் வாங்க விடியக்காலையிலயே போயிட்டாங்க, அவங்களுக்கு மட்டும் தெரியாது. எனக்குத் தோட்டத்துப் பக்கம் வந்து மரியம்மா சொல்லிட்டுப் போனாங்க." கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்தார். "ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். இது உங்க வேலையா?"

"ஐயோ, இல்லை டீச்சர்! சத்தியமா இல்லை. மணி அடிச்சு அடிச்சுக் கையைப் பாருங்க."

கையைக் காட்டினேன். எவ்வளவு பெருமையாகக் காட்டினேன்! அவர் பார்க்கவில்லை.

"அதானே," என்றார். "ஒரே ஒரு தடவையாவது நீங்க ஒரு தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா சார்?"

நாக்கில் ஒரு வேடிக்கை வந்து நின்றது, நல்ல வேடிக்கை. விழுங்கினேன். முதல் தடவை. மாத்திரை மாதிரி, தண்ணீர் இல்லாமல்.

"டீச்சர், அந்தக் குடை சமாச்சாரம், அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியும். அன்னிக்கே தெரியும். மறுநாள் சிரிக்காம வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ரெண்டு வருசம்." வாயைப் பொத்தாமல் சிரித்தார். பல் கோணல் இல்லைதான். "இப்ப கேக்காதீங்க. கேட்டா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதனால கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை.

"அண்ணன் வியாழக்கிழமை ரேணிகுண்டா போய்ட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு லில்லி, எனக்குக் கடலை உருண்டை புடிக்கும்னு யாரோ சொன்னாங்களாம், வாங்கி டப்பாவில போட்டு வச்சிருக்காம். தம்பியையும் துன்ன விடல, தானும் துன்னல. பாவம், ஒரு வாரமா டப்பாவைத் தொறந்து தொறந்து பாத்து மூடிக்கினு இருக்காம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரோ சொன்னாங்களாம்."

"பாகு முறுகலாவும் இருக்கணும்னு சொன்னேன்," என்றேன்.

"நான் போகலேன்னா அந்த டப்பாவை யாரு தொறப்பாங்க? போய் ஆளுங்களைக் கூட்டிக்கினு வாங்க சார். நேரமாச்சு."

தோப்பில் இருந்தார்கள். மொத்தச் சபையும். மாமரத்தடியில் புளிசாத மூட்டைகளோடு, பண்டிகை மாதிரி. பிள்ளைகள் கிளைகளில். ஏசடியான் மூக்கு இன்னும் வீங்கியபடி. என்னைக் கண்டதும் எல்லோரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள்.

"சார், அப்பிடியே திரும்பிப் போயிருங்க," என்றாள் மரியம்மா. "நாங்க இங்க இல்ல."

"எழுந்திரு மரியம்மா."

"இல்லாத ஆளு எப்பிடி சார் எந்திரிக்கறது?"

"மரியம்மா. எழுந்திரு."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதில் வேடிக்கை இல்லை. ஜனங்கள் பயந்துபோய் எழுந்துவிட்டார்கள். மரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை உதறினாள். "வாங்கடி," என்று மட்டும் சொன்னாள். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். என்ன என்று கேட்ட ஏசடியானுக்குத் தேனீ என்று பதில்.

காதல் கொண்ட ராஜா, காதலியை இன்னொருவனுக்குக் கொடுப்பதற்காக, ஒளிந்துகொண்ட பிரஜைகளைத் தோப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த காட்சி எந்த நாடகத்திலும் இல்லை. புளிசாதம் உட்பட.

வாசித்தேன். அவர் பேரை மெதுவாகப் படிக்கவில்லை. மற்றதைப் போலவேதான். யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டேன். சபை என்னைப் பார்த்தது. கி.டீ. பாயைப் பார்த்தார். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது முறை. எவ்வளவு நேரம் என்று முறையில் இல்லை. வெளியே ஒரு மாட்டுவண்டி வந்து, கோயிலைத் தாண்டி, சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் காத்திருந்தேன்.

"தடை ஒன்றும் இல்லை," என்றேன்.


பிப்ரவரி 24, திங்கள்

கல்யாணம். ஐயர் தலையெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தார். ஊறுகாய் ஜாடி ஒன்று உடைந்துவிட்டது. அதைப் பற்றியே பேசினார்.

வாழ்த்துப் பேசினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆசீர்வாதம் அழுதுகொண்டே சிரித்தார். மாலையோடு என்னைக் கட்டிக்கொண்டார். என் சட்டையெல்லாம் சம்பங்கி.

லில்லி டப்பாவைத் தூக்கிக்கொண்டே திரிந்தது. புது அம்மா திறந்தாயிற்று. எனக்கும் ஒரு உருண்டை. "மாமா, நீங்க சொன்னது கரெக்டு," என்றது. "ஒண்ணுதான் சொல்ல மறந்துட்டீங்க. அம்மாவுக்கு அழுகை வந்தா சிரிப்பாங்க."

மறக்கவில்லை. எனக்குத் தெரியாது.

வழியனுப்பப் போன இடத்தில், ஸ்டேஷனில் சேர் உடைந்தது, என் கீழே. அதற்கும் சிரிப்பு.


பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டாம் வகுப்பை நானே எடுத்தேன். சார், பாட்டுப் பாடுங்க என்றார்கள். பாடினேன். மூன்றாம் வகுப்பிலிருந்து குரங்கு ஓடிவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கு எழுத வேண்டிய அவசியம் தீர்ந்தது.

ஆணியில் என் குடை மட்டும். கதைகளில் பெண்கள் குடையை மறந்துவிட்டுப் போவார்கள். கி.டீ. பொறுப்பானவர். எதையும் மறந்துவிட்டுப் போகவில்லை.

பல்வலி. கடலை உருண்டை. பாகு ரொம்ப முறுகல்.


பிப்ரவரி 26, சாம்பல் புதன்

பனி விட்டுவிட்டது. புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்தேன். சாயங்காலம் ஐயர் வீட்டில் சாவியை ஒப்படைத்தேன்.

"எல்லாம் ஒழுங்கா நடந்ததா தேவசகாயம்? கடைசி ஞாயிறு சபை எப்படி? கூட்டம் வந்ததா?"

"மணி அடிச்சப்ப ஒரே ஒருத்தர்தான் வந்தாங்க ஐயா."

"ஒருத்தரா! அப்புறம்?"

"அவங்களையும் அனுப்பி வச்சிட்டேன்."